இருமுறை அழுந்தியது

1

இக்கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஓர் ஒற்றெழுத்திலிருந்து வந்தது.

கடந்த திங்கட்கிழமை முற்பகலில், நான் முன்பு பணியாற்றிய பதிப்பகத்தார் அனுப்பியிருந்த முன்னுரை ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தேன். அதில் ‘படிப்பதற்கு தகுந்த’ என்றிருந்தது. இடையில் ஒரு ‘த்’ வேண்டும். ‘படிப்பதற்கு’ என்னும் சொல்லின் இறுதியில் அம்பை நிறுத்தி, கணினிச் சுட்டியின் இடப்பக்கப் பொத்தானை ஒரு முறை அழுத்தி, ‘த்’ என்று தட்டினேன். ‘படிப்பதற்கு’ முழுதும் மறைந்தது. அது இருந்த இடத்தில் ‘த்’ மட்டும் தனியே நின்றது. சொல்லுக்கு முதலில் மெய்யெழுத்து வராது என்பது சுட்டிக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

பொத்தானை ஒரு முறை அழுத்தினால் அவ்விடத்தில் எழுதலாம். விரைந்து இருமுறை அழுத்தினால் சொல் முழுதும் நீலமாகித் தேர்வாகிவிடும். அடுத்துத் தட்டும் எழுத்து அதை அழித்துவிட்டு உட்காரும். ஆகவே கணினியின் கணக்குப்படி நான் இருமுறை அழுத்தியிருக்கிறேன். நான் ஒரு முறைதான் அழுத்தினேன். அதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை.

‘ஒரு தடவதான் அமுக்கினேன்’ என்று இதற்கு ஒன்றரை மாதம் முன்பு ஒருத்தி என்னிடம் சொன்னாள். அவளை நான் நம்பவில்லை. கதை அதைப் பற்றியது.

(இக்கதையையும் அதே சுட்டியைக் கொண்டே எழுதுகிறேன். ஆங்காங்கே [   ] என்று சதுர அடைப்புக்குள் வெற்றிடம் தென்பட்டால், அங்கிருந்த சொல்லைச் சுட்டி விழுங்கிவிட்டது என்று கொள்க. பெரும்பாலானவற்றை மீட்டு எழுதிவிட்டேன். சிலவற்றை அப்படியே விட்டிருக்கிறேன். முப்பத்தெட்டு ஆண்டுகள் மெய்ப்புப் பார்த்தவள் பிழையை விட்டுவைத்தால் அதற்குக் காரணம் இருக்கும்.)

2

தொடக்கங்கள்.

‘அந்தக் கண் மருத்துவமனையின் நான்காம் மேசையில் அமர்ந்திருந்த பெண்’

கைவிட்டேன். கதையை ‘அந்த’ என்று தொடங்கக் கூடாது. எந்த என்று வாசகர் கேட்பார். சுட்டுச்சொல்லுக்கு முன்னால் சுட்டப்படும் பொருள் வந்திருக்க வேண்டும்.

‘சுட்டி என்பது கணினியோடு இணைக்கப்பட்ட ஒரு சிறு கருவியாகும். அது’

கைவிட்டேன். பாடநூல்.

‘தையற்காரர் ஒருவர் காலை ஆறு மணியிலிருந்து வெறும் வயிற்றோடு காத்திருந்தார்.’

இது நன்றாக இருந்தது. இதை வைத்துக்கொண்டு இரண்டு பக்கம் எழுதினேன். மூன்றாம் பக்கத்தில், அவர் தையற்காரர் என்பது [   ] என்று நினைவுக்கு வந்தது. அவ்வாறு எனக்கு எவரும் சொன்னதில்லை. கண் அறுவைக்காகக் காத்திருப்பவர் ஊசியில் நூல் கோக்கும் தொழிலினராக இருந்தால் உங்கள் மனம் எளிதில் இளகும் என்பதற்காக நானே அவருக்கு அத்தொழிலைக் கொடுத்தேன். திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அவர் ஒரு பெரியவர். எனக்குத் தெரிந்தது அவ்வளவே.

ஆகவே அழகான தொடக்கம் எதுவுமின்றி, நிகழ்ந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

என் தங்கையின் மகள் ஒரு கண் மருத்துவமனையின் பதிவுப் பிரிவில் ஆறு ஆண்டுகளாக வேலை பார்த்தாள். மறுநாள் காலை எவரெவருக்கு அறுவை என்னும் பட்டியலை ஒவ்வொரு நாளும் பிற்பகலில் அவள் முடித்து அனுப்ப வேண்டும். திரையில் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு சிறு கட்டம். கட்டத்தின்மேல் அம்பை வைத்துப் பொத்தானை அழுத்தினால் குறி விழும். பெயர் பட்டியலில் சேரும். மீண்டும் அழுத்தினால் குறி நீங்கும், பெயரும் நீங்கும். சேர்ப்பதற்கும் நீக்குவதற்கும் ஒரே கட்டம், ஒரே பொத்தான். இப்படி அமைத்தவர் எவரோ, அவர் என் கையில் மெய்ப்புத் தந்திருந்தால் அந்தப் பக்கத்தையே திருப்பி அனுப்பியிருப்பேன்.

ஒருநாள் அவள் முப்பத்தொரு பெயர்களைக் குறித்தாள். முப்பது பெயர்கள் போய்ச் சேர்ந்தன. முப்பத்தொன்றாமவர் அந்தப் பெரியவர். விழித்திரை விலகியிருந்தது, நாள் தள்ளக் கூடாத அறுவை. மறுநாள் காலை ஆறு மணிக்கு உணவருந்தாமல் வந்து உட்கார்ந்தார். பிற்பகல் இரண்டு மணிக்கு, உங்கள் பெயர் இன்றைய பட்டியலில் இல்லை என்றார்கள். அடுத்த இடம் பன்னிரண்டாம் நாள்தான் கிடைத்தது.

கணினியின் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே இரண்டு வரிகள் இருந்தன. மூன்று மணி நாற்பத்திரண்டு நிமிடம் பத்து நொடி: சேர்க்கப்பட்டது. மூன்று மணி நாற்பத்திரண்டு நிமிடம் பத்து நொடி: நீக்கப்பட்டது. எழுத்து மூலம் விளக்கம் தருக என்று கண்காணிப்பாளர் கேட்டார்.

3

விளக்கக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவள் என்னிடம் வந்தாள்.

“பெரியம்மா, இத கொஞ்சம் பாத்துக் குடுங்க. கண்காணிப்பாளர் மேடம் ஒரு கமா தப்பா இருந்தாலும் மூஞ்சிய சுளிப்பாங்க. உங்க சாதி.”

“என் சாதின்னா?”

“செவப்பு மை சாதி.”

கடிதத்தில் அவள் எழுதியிருந்தது இது: ‘பெரியவர் பெயருக்கு குறி போடும்போது இருமுறை அழுந்தியது. நான் நீக்கவில்லை.’

“எது அழுந்துச்சு?” என்றேன்.

“அதான், மவுஸ் பட்டன்.”

“பட்டன் தானா அழுந்துமா?”

“நான் ஒரு தடவதான் அமுக்கினேன் பெரியம்மா.”

“அப்ப ரெண்டாவது தடவ அமுக்கினது யாரு? பக்கத்து மேசையா?”

“தெரியல.”

“தெரியலன்னு விளக்கக் கடிதம் எழுத முடியாது. அழுந்தியதுன்னு நீ பாட்டுக்கு விட்டுட்டா, எழுவாய் எங்கன்னு கேப்பாங்க. ஒளிச்சு வெக்கிற மாதிரி இருக்கும்.”

“எங்க ஆபீஸ்ல ஆள் பத்தல, உங்களுக்கு எழுவாய் பத்தல” என்று சொல்லி அவள் சிரித்தாள். பேனாவை என் கையில் கொடுத்துவிட்டாள்.

*குறிப்பு: தமிழில் சில வினைகள் இணையாக வரும். மெல்லினத்தோடு வந்தால் தன்வினை, தானே நிகழ்வது. வல்லினம் இரட்டித்தால் பிறவினை, ஒருவர் நிகழ்த்துவது. பொருந்து – பொருத்து. திருந்து – திருத்து. அழுந்து – அழுத்து. வருந்து – வருத்து. கடைசி இணை இக்கதைக்குத் தேவைப்படாது என்று எழுதத் தொடங்கும்போது நினைத்தேன்.*

நான் அவளுடைய முதல் வாக்கியத்தை ‘நான் இருமுறை அழுத்திவிட்டேன்’ என்று மாற்றினேன். ‘பெயருக்கு’ என்பதை அடுத்து ஒரு ‘க்’ சேர்த்தேன். ‘நான் நீக்கவில்லை’ என்பதை அடித்தேன். முன் வாக்கியத்தோடு முரண்பட்டது. ‘வருந்துகிறேன்’ என்று ஒரு வரியைச் சேர்த்தேன். நேர்மையான, தெளிவான கடிதம். இன்றும் அதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை.

ஒரு விசாரணை நடந்தது. இரண்டு வாரத்தில் ஆணை வந்தது. ‘தாமே இருமுறை அழுத்தியதாகத் தம் கைப்பட ஒப்புக்கொண்டிருப்பதால்’ என்று தொடங்கிற்று. அவள் பணியிலிருந்து நீக்கப்பட்டாள். முப்பது நாளுக்குள் மூவர் குழுவிடம் முறையிடலாம் என்று கடைசி வரி சொன்னது. எதை வைத்து முறையிடுவது? கைப்பட எழுதிய கடிதம் இருக்கிறதே.

கடைசி நாளன்று அவள் தன் தண்ணீர்க் குப்பியையும், குளிருக்குப் போர்த்திக்கொள்ளும் சால்வையையும், அந்தச் சுட்டியையும் எடுத்துவந்தாள். எல்லா மேசைகளுக்கும் புதியவை வந்திருந்தன. பழையது வேண்டுமானால் எடுத்துப் போங்கள் என்று பண்டகக் காப்பாளர் சொல்லியிருக்கிறார். என் சுட்டியின் கம்பி அறுந்திருந்தது அவளுக்கு நினைவிருந்தது.

“நீங்க வெச்சுக்குங்க பெரியம்மா. எனக்கு இனிமே எதுக்கு?”

அதன் வயிற்றில் ‘பதிவு – 4’ என்று ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. மருத்துவமனையின் முத்திரையும் அதில் இருந்தது. திருத்த வேலை எதுவும் வராததால், கடந்த திங்களன்றுதான் அதை முதன்முதலாகக் கணினியில் மாட்டினேன்.

4

செவ்வாயன்று அதை எலி வைத்தியரிடம் கொண்டுசென்றேன்.

அவர் பெயர் வேறு. கட்டடம் ஒன்றின் மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்தால் தலை இடிக்கும் உயரத்தில், கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர். ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் ஒரு விளக்கு, கண்ணில் ஒரு பூதக்கண்ணாடி. கடைக்குள் செல்லக் குனிந்தேயாக வேண்டும் என்பதால் எல்லாரும் அவருக்கு வணக்கம் சொல்வது போலவே நுழைவார்கள்.

“என்னம்மா தொந்தரவு இதுக்கு?”

“ஒரு முறை அழுத்தினா ரெண்டு முறை அழுத்தினதா எடுத்துக்குது.”

“வயசாயிடுச்சு. சொன்னதையே சொல்லுது.” என் முகத்தைப் பார்த்து, “மவுஸச் சொன்னேம்மா” என்றார்.

இரண்டு திருகாணிகளைக் கழற்றி அதன் மேலோட்டைத் திறந்தார். உள்ளே எவ்வளவு குறைவாக இருந்தது என்பது எனக்கு வியப்பாக இருந்தது. அடிவயிற்றில் ஒரு சிறு விளக்கு. அதனருகே ஒரு சிறு கண்.

“இந்தக் கண்ணு மேசையப் போட்டோ எடுத்துக்கிட்டே இருக்கும். ஒரு செகண்டுக்கு ஆயிரத்துக்கு மேல. முன்ன எடுத்த படத்தையும் இப்ப எடுத்த படத்தையும் வெச்சுப் பாத்து, எவ்வளவு நகந்துருக்கோம்னு கண்டுபிடிக்கும். அத மட்டும் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். மூணு வலது, ரெண்டு மேல. அவ்ளோதான்.”

“எங்கே இருக்கோம்னு சொல்லாதா?”

“அது எங்க இருக்குன்னு அதுக்கே தெரியாதும்மா. தூக்கி அந்த மூலைல வைங்க. தூக்கினதுகூடத் தெரியாது. அம்பு, திரை எல்லாம் கம்ப்யூட்டரோட சமாச்சாரம்.”

இவ்விடத்தில் கதையை நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். சுட்டி எதையும் சுட்டுவதில்லை. ‘அது’ என்னும் சொல் எதைக் குறிக்கிறது என்று ‘அது’வுக்குத் தெரியாதது போலவே, அம்புக்குக் கீழே எவர் பெயர் இருக்கிறது, அது கட்டமா காலியிடமா என்பவை சுட்டிக்குத் தெரியா. நகர்ந்த அளவையும் பொத்தானின் நிலையையும் சொல்வதோடு அதன் வேலை முடிகிறது. பொருளை எல்லாம் கேட்பவர் கொடுத்துக்கொள்கிறார்.

*குறிப்பு: சிறுவயதில் என் தங்கை மகளையும் வீட்டில் சுட்டி என்றே அழைத்தோம். குழப்பம் நேரும் என்பதால் இக்கதையில் அப்பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.*

“தானாகவே போய்ச் சொல்லுமா?” என்று கேட்டேன்.

“கேட்டாத்தான் சொல்லும். கம்ப்யூட்டர்தான் கேட்டுக்கிட்டே இருக்கும். ஏதாவது உண்டா, ஏதாவது உண்டா, ஏதாவது உண்டான்னு. இந்த மாதிரி மவுஸ செகண்டுக்கு நூத்தி இருபத்தஞ்சு தடவ கேக்கும். ஒண்ணும் இல்லன்னா இல்லன்னு சொல்லும். இருந்தா நாலு நம்பர் குடுக்கும். பட்டன் எப்பிடி இருக்கு, பக்கவாட்டுல எவ்வளவு, மேல கீழ எவ்வளவு, சக்கரம் எவ்வளவு. நம்ம ஊட்டுக்காரங்க நம்மள இப்பிடிக் கேட்டா நாம எவ்ளோ பேசுவோம்!”

பிறகு பொத்தானின் அடியிலிருந்த கறுப்புப் பெட்டியை ஊசி முனையால் திறந்து காட்டினார். நகக்கண் அளவுக்கு ஒரு செப்புத் தகடு.

“இது கீழ தொட்டா அமுக்கினதா அர்த்தம். விட்டா விட்டதா அர்த்தம். ஆனா பந்து தரைல விழுந்தா ஒரேயடியா நிக்குமா? நாலு தடவ துள்ளித்தானே அடங்கும்? தகடும் துள்ளும். கண்ணுக்குத் தெரியாது, ஆயிரத்துல ஒரு பங்கு நேரம். அது அடங்கட்டும்னு உள்ள இருக்கற சில்லு கொஞ்சம் பொறுத்துப் பாத்துட்டுத்தான் கணக்குல எடுக்கும். தகடு தேஞ்சு போச்சுன்னா அந்தப் பொறுமைய மீறித் துள்ளும். அப்ப சில்லு என்ன நெனைக்கும்? விட்டுட்டாங்க, மறுபடி அமுக்கறாங்கன்னு நெனைக்கும். அப்பிடியே போய்ச் சொல்லிடும்.”

“பொய் சொல்லுது.”

“இல்லம்மா. தகடு ரெண்டு தடவ தொட்டது நெசம். அது பாத்ததத்தான் சொல்லுது. அமுக்கினவங்க ஒரு தடவ அமுக்கினதும் நெசம்.”

தகட்டை மீண்டும் மூடி, தம் கணினியில் மாட்டி, எண்ணிக்கொண்டே முப்பது முறை அழுத்தினார். திரையில் முப்பத்துநான்கு என்று வந்தது.

இருமுறை அழுந்தியது. எழுவாய்: தகடு. அவள் எழுதிய வாக்கியத்தில் குறை இருக்கவில்லை. எழுவாய் தோன்றாமல் இருந்தது. தோன்றா எழுவாய் என்று அதற்கொரு பெயரே உண்டு. அதை நான் [   ] ஆண்டுகளாக அறிவேன்.

*குறிப்பு: வேண்டுமென்றே இருமுறை சொடுக்குவது இரட்டைக்கிளவி போன்றது, பிரித்தால் அப்பொருள் இல்லை. இது அடுக்குத்தொடர். ஒரே சொல் இருமுறை வந்திருக்கிறது. அடுக்குத்தொடர் அச்சத்தால் வரும், விரைவால் வரும், சினத்தால் வரும் என்று படித்திருக்கிறேன். தேய்மானத்தாலும் வரும் என்று சேர்த்துக்கொள்ளலாம்.*

“தகட்ட மாத்திடவா? அஞ்சு நிமிஷ வேலை.”

மாற்றிவிட்டால் சுட்டி சரியாகிவிடும். நான் அவளிடம் சொல்லவேண்டியதும் எதுவும் இராது.

“வேண்டாம்” என்றேன். “இப்போ எண்ணினதை ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க.”

“டீச்சரா இருந்தீங்களாம்மா?”

“ஏன்?”

“நீங்க கேக்கல. அதட்டறீங்க.”

5

எந்தக் கதையிலும் எழுதுபவருக்கு நம்பிக்கை வராத பாத்திரம் ஒன்று இருக்கும். இக்கதையில் அது பெரியம்மா என்று அழைக்கப்படுபவள்.

அவள் திங்களன்று ஐயுற்றாள். செவ்வாயன்று உறுதி செய்துகொண்டாள். முறையிடுவதற்குரிய முப்பதாம் நாள் வெள்ளி மாலை ஐந்து மணியோடு முடிகிறது என்பது அவளுக்குத் தெரியும். நாட்காட்டியில் அவளே வட்டமிட்டிருக்கிறாள். இருந்தும் புதன் முழுதும் அவள் தொலைபேசியைத் தொடவில்லை. மேசைமுன் அமர்ந்து, ‘அந்தக் கண் மருத்துவமனையின் நான்காம் மேசையில்’ என்று தொடங்கலாமா, தையற்காரரிடமிருந்து தொடங்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படி ஒருத்தி இருப்பாளா? வேறொருவர் எழுதிக் கொண்டுவந்திருந்தால் ஓரத்தில் ‘நம்பும்படியாக இல்லை’ என்று குறித்திருப்பேன்.

அவளுக்காகச் சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: தகட்டை மாற்றிவிடுகிறாள். தங்கை மகள் கெட்டிக்காரி; வேறிடத்தில் வேலை கிடைக்கிறது. எவருக்கும் எதுவும் தெரிவதில்லை. திருத்தியவளின் பெயர் திருத்தத்தில் இருப்பதில்லை என்பது மெய்ப்புத் தொழிலின் வசதி.

இரண்டாவது: தங்கை மகளுக்குச் சொல்லாமல், தானே குழுவுக்கு எழுதி, தானே வழக்கை வென்று, ஆணையைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுக்கிறாள். இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆகவே அடித்துவிட்டேன். இதில் எழுவாய் மீண்டும் நானே.

மூன்றாவது: கூப்பிட்டுச் சொல்கிறாள். இதை எழுதத் தொடங்கியபோது, நொடிக்கு நூற்றிருபத்தைந்து முறை ‘ஏதாவது உண்டா’ என்று கேட்கும் கணினியை நினைத்துக்கொண்டேன். என் வீட்டுக்கு வந்து, ஒரு தடவதான் அமுக்கினேன் என்று அவள் சொன்ன பிறகு, என்ன ஆயிற்று சொல் என்று நான் ஒரு முறையும் கேட்கவில்லை. எழுவாயைத்தான் கேட்டேன்.

வியாழன் காலை எட்டு மணிக்குத் தொலைபேசியில் அழைத்தேன்.

6

அவள் வந்தாள். எலி வைத்தியரின் தாளைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்து, திரையில் இருந்த இக்கதையின் நடுவே அம்பை வைத்து, அழுத்தத் தொடங்கினாள்.

“ஒண்ணு. ரெண்டு. மூணு.”

பதினொன்றாம் முறை ஒரு சொல் நீலமாயிற்று. அவள் கையை எடுத்துவிட்டாள்.

“அப்ப நான் இல்ல.”

“நீ இல்ல.”

“உங்களுக்கு ஒண்ணு தெரியுமா பெரியம்மா? நீங்க திருத்திக் குடுத்தத நான் உக்காந்து என் கையால மறுபடி எழுதினேன்ல? நான் இருமுறை அழுத்திவிட்டேன், நான் இருமுறை அழுத்திவிட்டேன்னு. அதுக்கப்புறம் எனக்கே ஞாபகம் வந்துடுச்சு. ரெண்டு தடவ அமுக்கின மாதிரி. விரல்ல தெரிஞ்சுது. விசாரணைல கேட்டப்ப நான் சந்தேகமே இல்லாம ஆமான்னேன்.”



அவள் திரையில் மேலே சென்று படிக்கத் தொடங்கினாள். நான் தடுக்கவில்லை. ஐந்தாம் பகுதியை இருமுறை படித்தாள்.

“திங்கக்கெழமையே தெரியுமா?”

“சந்தேகம். செவ்வாய்க்கிழமை தெரியும்.”

“இன்னிக்கு வியாழன்.”

“ஆமா.”

“நடுவுல என்ன பண்ணீங்க? கதை எழுதினீங்களா?”

“எழுதினேன்.”

அவள் சிரித்தாள். அதைச் சிரிப்பு என்று எழுதுவது சரியா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. அதற்கு வேறு சொல் [   ].

“ஊர்ல இருக்கற எல்லாத்தையும் திருத்துவீங்க பெரியம்மா. நீங்க மட்டும் திருந்தவே மாட்டீங்க.”

முப்பத்தெட்டு ஆண்டுகளில் அந்த இணையை இவ்வளவு துல்லியமாக எவரும் பயன்படுத்தி நான் கேட்டதில்லை. அதை அவளிடம் சொல்லவும் இல்லை.

திரையை இன்னும் மேலே தள்ளி, “யாரு தையற்காரர்?” என்றாள்.

“அடிச்சுட்டேன்.”

“அவரு பஸ்சு ஓட்டினவரு. ரெண்டு மணிக்கு இல்லன்னு சொன்னப்ப, லிஸ்ட்டுல எடம் இல்லன்னா நீ என்னம்மா பண்ணுவன்னு எனக்கே சமாதானம் சொல்லிட்டுப் போனாரு. அதுக்கப்புறம் நான் அவரு ஊட்டுக்குப் போயிருந்தேன்.”

“பார்வை?”

சொன்னாள். எவ்வளவு தேறிற்று என்பது இப்போது எனக்கும் தெரியும். அதை இங்கே எழுதப் போவதில்லை. அது அவருடைய கண். கதைக்குக் கண்ணீர் வரவழைப்பதற்காக அவரை ஏற்கெனவே ஒரு முறை தையற்காரராக்கிவிட்டேன்.

அவள் சமையலறைக்குச் சென்று தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். “தாள் இருக்கா?” என்றாள். “கோடு போட்டதா குடுங்க.”

7

வெள்ளி, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம்.

முறையீட்டை நேற்றே அவள் எழுதி முடித்துவிட்டாள். நான் பக்கத்தில் அமர்ந்திருந்தேன். என் இரு கைகளும் மடியில் இருந்தன. அதன் நடுப்பகுதி இது: ‘நான் ஒரு முறை அழுத்தினேன். இருமுறை அழுந்தியது. அதை காட்ட மவுஸை இத்துடன் வைத்து இருக்கிறேன்.’

முழுக் கடிதத்திலும் மூன்று ஒற்றுப்பிழைகள். எண்ணினேன், தொடவில்லை.

“என்ன, கை அரிக்குதா?” என்றாள்.

“கொஞ்சம்.”

“அரிக்கட்டும்.”

அக்கடிதத்தோடு என் பங்குக்கு ஒரு தாள் வைத்தேன். ‘இவர் முதலில் எழுதிய வாக்கியம்: இருமுறை அழுந்தியது. அதை நான் இருமுறை அழுத்திவிட்டேன் என்று மாற்றியவள் நான். ஒரு முறைதான் அழுத்தியதாக அவர் அப்போதே என்னிடம் சொன்னார், நான் ஏற்கவில்லை. நான் அவரை வருத்தினேன்.’ கீழே கையெழுத்திட்டேன். என் கையெழுத்தோடு போகும் முதல் திருத்தம் இதுதான். எழுவாய் உண்டு, செயப்படுபொருள் உண்டு. எவரும் குறை காண முடியாது.

குழு இதை ஏற்குமா? பழுதான கருவி என்றால் முன்னரே ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். அனுப்புமுன் பட்டியலை மீண்டும் பார்க்க வேண்டியது உன் கடமையல்லவா என்று கேட்கலாம். அது நியாயமான கேள்வியும்கூட. கைப்பட எழுதிய முதல் கடிதத்தையே பிடித்துக்கொள்ளலாம். ஏற்கவும் செய்யலாம். எனக்குத் தெரியாது. தெரியாது என்பது ஒரு முழுமையான வாக்கியம் என்பதை ஒன்றரை மாதம் தாமதமாக ஒப்புக்கொள்கிறேன்.

உறை தயாராக இருக்கிறது. கடிதம், என் தாள், எலி வைத்தியரின் தாள் மூன்றும் உள்ளே போய்விட்டன. சுட்டி மட்டும் இன்னும் என் கையில் இருக்கிறது. அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

“பெரியம்மா, மவுஸ குடுங்க. மூணே முக்கால் பஸ்ஸ விட்டா அஞ்சுக்குள்ள போய்ச் சேர முடியாது.”

“ஒரே ஒரு வாக்கியம்.”

“ஒண்ணுன்னு சொல்லி ரெண்டு எழுதுவீங்க. அந்த மவுஸே பரவாயில்ல.”

இறுதி வாக்கியத்தை எழுதி முற்றுப்புள்ளியும் வைத்தேன். திரும்பப் படித்தபோது அதன் வினைமுற்றில் ஓர் எழுத்துத் தவறியிருந்தது. சேர்ப்பதற்காக அம்பை அங்கே கொண்டுசென்று, ஒரு முறை அழுத்தினேன். ஒரே முறை, நீங்கள் நம்ப வேண்டும். எழுத்தைத் தட்டினேன். வினைமுற்று மறைந்துவிட்டது. அதற்குள் அவள் உள்ளே வந்து கம்பியை உருவி, சுட்டியை உறையிலிட்டு, நாவால் நனைத்து ஒட்டிக்கொண்டே படியிறங்கிவிட்டாள்.

தனியே நின்ற அந்த எழுத்தையும் விசைப்பலகையால் அழித்தேன். அதே விசைப்பலகையால் சொல்லையும் மீண்டும் எழுதிவிட முடியும். எழுதப் போவதில்லை. அது என்ன சொல் என்பதையும் சொல்லப் போவதில்லை. தமிழ் வாக்கியத்தில் எல்லாம் கடைசிச் சொல்லில்தான் தொங்குகிறது. அதை இனி அந்த மூவர் எழுதட்டும். அவர்களுக்கு முன்னால் நீங்கள் எழுதிப் பார்க்க விரும்பினால் இடம் விட்டிருக்கிறேன். நான் திருத்த மாட்டேன்.

விசாரணை முடிந்தபின், பதிவுப் பிரிவின் நான்காம் மேசையில் என் தங்கை மகள் மீண்டும் [   ].